கொன்சால்வெஸ் தியாஸின் 'அடிமைப்பெண்': அடி, இயைபு, மடக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் கவிதை? எழுதியவர் யார்?

பிரேசில் கவிஞர் அன்டோனியோ கொன்சால்வெஸ் தியாஸ் போர்ச்சுகீஸ் மொழியில் எழுதியது. மூலத் தலைப்பு 'அ எஸ்க்ராவா', அதாவது அடிமைப்பெண். 1846ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பான 'ப்ரிமெய்ரோஸ் கான்டோஸ்' என்ற நூலில் இருக்கிறது. தியாஸ் 1823இல் வடக்கு பிரேசிலின் மராஞ்ஞாவ் மாகாணத்தில் கஷியாஸ் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா போர்ச்சுக்கல்லிலிருந்து வந்த வணிகர், அம்மா கலப்பினப் பெண், இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. பையன் கடல் கடந்து போர்ச்சுக்கல்லின் கொய்ம்ப்ரா பல்கலைக்கழகத்தில் படித்தான். இந்தக் கடைசி விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், யாப்பைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கவிதையில் என்ன நடக்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

காங்கோவிலிருந்து பிடித்துவரப்பட்ட ஒரு பெண் தன் ஊரை நினைத்துக்கொள்கிறாள். பெயர் அல்ஸ்கா. அந்தப் பெயரும் காதலன் அவளைக் கூப்பிடும்போதுதான் நமக்குத் தெரியவருகிறது. முதலில் மண், மணல், வெயில், நிலவு. அப்புறம் ஒரு இரவு: வாழைமரத்தடியில் அவனுக்காகக் காத்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு பாறை, பாறையடியில் ஓடை. அவன் வந்து, பயப்படாதே, பாறை உச்சிக்கு வா என்கிறான். விடியும் வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதோடு நினைவு அறுந்துவிடுகிறது. எசமானின் குரல் சீறுகிறது, கண்ணீரைக்கூடத் துடைக்காமல் அவள் ஓடுகிறாள். ஊரை நினைத்துக்கொண்டு நின்றதில் வேலைக்குத் தாமதமாகிவிட்டது, அதற்காக வதைக்கப்படுகிறாள். அந்த வதையிலும் அவள் வாயில் வருவது 'காங்கோ' என்ற ஒரே சொல்.

கதை இவ்வளவுதான். கதையாகப் பார்த்தால் அந்தக் காலத்தில் பலரும் எழுதியதுதான். இந்தக் கவிதையின் பலம் அது எப்படி ஒலிக்கிறது என்பதில் இருக்கிறது.

ஏழசை அடி என்கிறார்களே, அது எப்படிக் கணக்கு?

போர்ச்சுகீஸ் யாப்பில் நம்முடைய நேர், நிரை கிடையாது. ஒரு உயிரொலிக்கு ஒரு அசை, அவ்வளவுதான். இரண்டு விதிகள் தெரிந்தால் போதும். ஒன்று, அடியின் கடைசி அழுத்தம் விழும் அசையோடு எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும், அதற்கப்புறம் ஒட்டிக்கொண்டு வரும் மெல்லிய அசை கணக்கில் சேராது. இரண்டு, ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இரண்டும் கலந்து ஒன்றாகலாம், நம் புணர்ச்சி மாதிரியே. ஒற்றை விட்டுவிட்டு எழுத்தெண்ணிப் பாடுகிற கட்டளைக் கலித்துறை தெரிந்தவர்களுக்கு (அபிராமி அந்தாதி அந்த யாப்புதான்) இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும்.

முதல் நாலடியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், வாய்விட்டுப் படியுங்கள்:

ஓ! தோஸெ பயீஸ் தெ கோங்கு,
தோஸெஸ் தெர்ராஸ் தெ அலேம்-மார்!
ஓ! தீயஸ் தெ ஸொல் ஃபொர்மோஸு!
ஓ! நோய்தெஸ் தால்மு லுவார்!

பொருள்: இனிய காங்கோ நாடே, கடலுக்கப்பால் இனிய நிலங்களே, அழகிய வெயிலின் பகல்களே, அருள்பொழியும் நிலவின் இரவுகளே.

முதலடியை எண்ணுவோம். ஓ, தோ, ஸெ, ப, யீஸ், தெ, கோங். ஏழு ஆகிவிட்டது. மிச்சமிருக்கும் 'கு' கணக்கில் இல்லை. இரண்டாவது அடியில் 'தெ'யும் 'அலேம்' என்பதன் முதல் 'அ'வும் ஒட்டிக்கொள்ள, தோ, ஸெஸ், தெர், ராஸ், த்ய, லேம், மார். ஏழு. இந்த அடி 'மார்' என்ற அழுத்தத்திலேயே முடிகிறது, பின்னால் எந்த வாலும் இல்லை. முதலடி தழைந்து முடிகிறது, இரண்டாவது அடி நின்று முடிகிறது. மூன்றாவது தழைகிறது, நான்காவது நிற்கிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் பாட்டின் மூச்சு.

இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த நாலடியிலும் ஒரு வினைச்சொல்கூட இல்லை. விளியும் பெயர்களும் மட்டுமே. யாரும் எதுவும் செய்யவில்லை, காலமும் ஓடவில்லை.

சரி, ஏழசைக்கு அப்படி என்ன தனிச் சிறப்பு?

போர்ச்சுகீஸ் மொழியில் இது மக்களின் யாப்பு. நாட்டுப்புறப் பாட்டு, தாலாட்டு, கதைப்பாட்டு, பழைய அரசவைப் பாடல் எல்லாம் பெரும்பாலும் இந்த நடையில்தான் ஓடும். இலக்கணத்தில் 'ரெதொந்தீல்ய மயோர்' என்பார்கள். எழுத்தறியாதவரின் காதுக்கும் பழகிய நடை. அடிமைப்பெண் வாயில் பெருங்காப்பிய நடையை வைத்திருந்தால் அது கவிஞரின் குரலாகத்தான் கேட்டிருக்கும்.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பிரேசிலில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்த 'கன்ஸாவ் தொ எஸீலியு' (நாடு பிரிந்தவனின் பாட்டு) என்ற கவிதையும் இதே தியாஸ் எழுதியதுதான். 1843 ஜூலையில் கொய்ம்ப்ராவில் இருந்தபோது, ஊர் ஏக்கத்தில் எழுதினார். 'என் மண்ணில் பனைமரங்கள் உண்டு, அங்கே சபியா (ஒரு பாடும் பறவை) பாடும்' என்று தொடங்கும். அதன் வரிகள் சில பிரேசிலின் தேசிய கீதத்திலேயே இடம்பெற்றிருக்கின்றன. அந்தக் கவிதையும் ஏழசை அடிதான், அதே தொகுப்பில்தான் இருக்கிறது. முன்னால் போட்டிருக்கும் மேற்கோள், மின்யோன் என்ற சிறுமியின் வாயில் ஜெர்மன் கவிஞர் கத்தே வைத்த பாட்டிலிருந்து எடுத்தது. அவளும் சொந்த ஊரிலிருந்து கடத்தப்பட்டவள்.

ஆக, கடல் கடந்து படிக்கப்போன மாணவன் தன் ஏக்கத்துக்கு எந்த அடியைப் பயன்படுத்தினானோ அதே அடியைத்தான் கடல் கடத்திக் கொண்டுவரப்பட்ட பெண்ணுக்கும் கொடுத்திருக்கிறான். அடிமைப்பெண் கவிதையின் முகப்பிலும் ஒரு பிரெஞ்சு மேற்கோள் உண்டு. காசிமீர் தெலவீஞ் என்ற நாடகாசிரியரின் வரி: தாய்நாடு என்ற இனிய பெயரின் அருமை நாடிழந்தவனுக்குத்தான் புரியும் என்பது அதன் சாரம். 'உனக்கும் எனக்கும் ஒரே ஏக்கம்தான்' என்று தியாஸ் எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை, யாப்பு சொல்கிறது. 1840களின் பிரேசிலில், அடிமைகள் வேலை செய்யாத பணக்கார வீடே இல்லாத காலத்தில், இது சின்ன விஷயமில்லை.

ஆனால் மாணவனின் ஏக்கமும் அடிமையின் ஏக்கமும் ஒன்றா? அது அநியாயமான ஒப்பீடு இல்லையா?

ஒன்றில்லைதான். அவனுக்குத் திரும்பக் கப்பல் உண்டு, 1845இல் திரும்பியும் வந்துவிட்டான். அவளுக்கு இல்லை. தன் பாட்டில் அவன், அங்கே திரும்பிப் போகாமல் சாகும்படி கடவுள் விடக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறான். அடிமைப்பெண் கவிதையில் அந்த மாதிரி வேண்டுதல் எங்குமே கிடையாது, தேடிப் பாருங்கள். யாப்பு ஒன்றாக இருப்பதால்தான் இந்த வித்தியாசம் நம் கண்ணில் படுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், அவன் பாட்டு முடிகிற இடத்தில் நம்பிக்கை இருக்கிறது, அவள் பாட்டு முடிய விடப்படவே இல்லை.

இயைபு எப்படி அமைந்திருக்கிறது?

பத்திக்கு நாலடி. இரண்டாவது அடியும் நாலாவது அடியும் இயையும், ஒன்றும் மூன்றும் இயையாது. 'மார் – லுவார்' என்பது முதல் பத்தி. அடுத்த பத்தியில் எல்லையற்ற வெண்மணற்பரப்பு வருகிறது, 'எஸ்தென்ஸாவ் – கொரஸாவ்' என்று பரப்பும் இதயமும் இயைகின்றன. அந்தப் பத்தியில்தான் மனம் சுதந்திரமாக ஓடும், இதயம் சுதந்திரமாகத் துடிக்கும் என்று 'லீவ்ரெ' என்ற சொல் இரண்டு அடியில் இரண்டு முறை வருகிறது. அடிமை என்ற தலைப்பின் கீழே, சுதந்திரம் என்ற சொல்.

'கன்ஸாவ் தொ எஸீலியு'வில் சபியா, லா, கா என்று விரிந்த 'ஆ' ஒலியில் அடிகள் வந்து வந்து நிற்கும். இங்கேயும் மார், லுவார், அஷார் என்று அதே 'ஆ'. கடல், நிலவொளி, விடியல் வந்து காண்பது எல்லாம் ஒரே ஒலியில் விழுகின்றன. வாயைத் திறந்து நீட்டாமல் இந்த அடிகளை முடிக்கவே முடியாது.

பாதி அடிகளில் மட்டும் இயைபு வைத்ததற்கும் காரணம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். எல்லா அடியும் இயைந்தால் பாட்டு இறுகிவிடும், பாடுபவள் தேர்ந்த புலவி மாதிரித் தெரிவாள். ஓர் அடி விட்டு ஓர் அடி இயையும்போது பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்கிறது, தனக்குத்தானே முணுமுணுப்பவளுக்கு அதுதான் பொருந்தும்.

எதுகை, மோனை உண்டா?

விதியாகக் கிடையாது. ஆனால் அடிமுதலில் ஒரே சொல்லைத் திரும்ப வைப்பது நிறைய உண்டு. நம் காதுக்கு அது மோனையின் வேலையைச் செய்துவிடும்.

திரும்பத் திரும்ப வரும் அடிகள் எவை? அவை என்ன செய்கின்றன?

மூன்று விதமான மடக்கு இருக்கிறது.

முதலாவது அடிமுதல் சொற்கள். ஊரை வருணிக்கும் பத்திகள் 'ஓந்தெ' (எங்கே... அங்கே) என்று தொடங்கும்: எங்கே வணிகக் கூட்டம் பாடிக்கொண்டு போகுமோ, எங்கே மணலில் வெயில் கடல்போல் பளபளக்குமோ என்று. காதல் இரவுக்குள் நுழையும்போது 'க்வாந்து' (எப்போது... அப்போது) வந்துவிடும்: இரவு தன் திரையை விரித்தபோது, வானில் ஒரு நட்சத்திரம்கூட இல்லாதபோது, மெல்லிய காற்று மட்டும் கேட்டபோது. முதலில் இடம், அப்புறம் காலம். நினைவு முதலில் நிலத்தைத் தொட்டுவிட்டுத்தான் அந்த ஒரு இரவுக்குள் இறங்குகிறது. இந்த இரண்டு சொற்களின் மாற்றத்தை மட்டும் பின்தொடர்ந்தால் கவிதையின் போக்கு முழுக்கத் தெரிந்துவிடும்.

இரண்டாவது ஓடை. 'நு ஃப்ரகோர் தெஸ்த கொர்ரெந்தெ', அதாவது 'இந்த ஓடையின் இரைச்சலில்' என்ற அடி அப்படியே இரண்டு முறை வருகிறது, இரண்டு முறையும் காதலன் வாயில். யாரும் பார்க்கமாட்டார்கள், என் குரலே ஓடையின் இரைச்சலில் கரைந்துவிடுகிறது என்கிறான். பிறகு, முத்தச் சத்தம் யாருக்குக் கேட்கும், அதுவும் ஓடையின் இரைச்சலில் கரைந்துவிட்டது என்கிறான். இரண்டு இடத்திலும் இயைபு 'எந்தெ' என்ற ஒலியில். ஓடையை முதன்முதலில் அறிமுகப்படுத்தும் பத்தியிலும் அதே 'எந்தெ'தான். அவன் பேச்சு முழுக்க ஓடை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிற மாதிரி நம் காதிலும் அந்த இயைபு ஓடிக்கொண்டே இருக்கிறது. சத்தம் கேட்காது, யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற அந்தப் பாதுகாப்பு அவளுக்கு இப்போது இல்லை. இப்போது அவள் ஒரு நிமிஷம் நின்றாலும் ஒருவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது பல்லவி. 'ஓ! இனிய காங்கோ நாடே, கடலுக்கப்பால் இனிய நிலங்களே' என்ற அந்த முதல் இரண்டடி. தொடக்கத்தில் பத்தியின் முதல் பாதியாக வந்தது, பிறகு திரும்பும்போது 'தோஸெ பயீஸ்' (இனிய நாடு) என்பது மட்டும் 'தோஸெஸ் தெர்ராஸ்' (இனிய நிலங்கள்) என்று மாறி, பத்தியின் பின்பாதியாக வருகிறது. பாலை வருணனை முடியும் இடத்தில் ஒரு முறை, விடியும் வரை பேசினோம் என்று இரவு முடியும் இடத்தில் இன்னொரு முறை. அதாவது ஒவ்வொரு நினைவும் அந்த இரண்டடியில் வந்து இளைப்பாறுகிறது.

சும்மா ஓசை நயத்துக்காகத் திரும்ப வைத்தது என்று சொன்னால் தவறா?

தவறு என்றுதான் சொல்வேன், காரணம் கவிதைக்குள்ளேயே இருக்கிறது. கடைசிப் பகுதியில் எசமான் ஏன் கோபப்படுகிறான் என்று பாருங்கள். பிறந்த மண்ணை எண்ணிக்கொண்டிருந்ததால் அவள் தாமதித்துவிட்டாள். அப்படியென்றால் நாம் இவ்வளவு நேரம் படித்த பாட்டுதான் அந்தத் தாமதம். ஒவ்வொரு ஏழசை அடியும், ஒவ்வொரு பத்தியும், திரும்ப வரும் ஒவ்வொரு பல்லவியும் எசமானின் கணக்கில் அவள் திருடிய நேரம். பல்லவி இரண்டாவது முறை வரும்போது வேலைக்குக் கிளம்பியிருக்கலாம், அவள் கிளம்பவில்லை, 'எப்போது... அப்போது' என்று அடுத்த நினைவுக்குள் போய்விடுகிறாள். திரும்பச் சொல்வது என்பது அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் இருப்பது. அவள் தண்டனை வாங்குவது இந்தப் பாட்டுக்காக.

முதல் முறை படிக்கும்போது இது தெரியாது. அழகான ஏக்கப் பாட்டு என்று நாமும் ஆற அமரக் கேட்டுக்கொண்டிருப்போம். எசமான் குரல் வந்த பிறகுதான் நாம் கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு விலை இருந்தது என்று புரியும்.

கடைசி மூன்று பத்திகள் ஏன் வேறு மாதிரி ஒலிக்கின்றன?

யாப்பே மாறிவிடுகிறது. எசமான் வருகிற அடியிலிருந்து ஏழசை போய்விடும். அதற்குப் பதில் பத்தசை அடி ஒன்று, நாலசை அடி ஒன்று என்று மாறிமாறி வரும்:

து ரீஸ்பிது ஸெஞோர் அ வோஸ் இராத
ராபித ஸோஆ,
ஸெம் உ ப்ராந்து எஞ்சுகார் அ த்ரீஸ்தெ எஸ்க்ராவ
பாவித வோஆ.

பொருள்: கடுமையான எசமானின் சினக்குரல் வெறிகொண்டு ஒலிக்கிறது. கண்ணீரைத் துடைக்காமல் துயரப்பட்ட அடிமைப்பெண் நடுநடுங்கிப் பறக்கிறாள்.

எண்ணிப் பாருங்கள். து, ரீஸ், பி, து, ஸெ, ஞோர், அ, வோஸ், இ, ரா. பத்து. அடுத்தது ரா, பி, த, ஸோ. நாலு. பத்தசை அடி போர்ச்சுகீஸில் காப்பியத்துக்கும் உயர்குடிக் கவிதைக்கும் உரிய அடி. படித்தவனின் அடி, அதிகாரத்தின் அடி. அந்த நீண்ட அடியில் எசமான் குரல் வந்து நிறைகிறது, நாலசை அடி சாட்டை விழுந்த மாதிரி சட்டென்று வெட்டுகிறது. பத்தசையும் நாலசையும் கலந்தது, பண்டைக் கிரேக்கப் பெண்கவி சாப்போவின் பெயரால் வழங்கும் பழைய யாப்பின் சாயல், அதில் கடைசிக் குட்டையடி 'தூம்-த-த-தூம்-த' என்று விழும். 'ராபித ஸோஆ', 'பாவித வோஆ' இரண்டும் அச்சு அசல் அப்படியே விழுகின்றன.

சொற்களையும் பாருங்கள். ரீஸ்பிது, ராபித, பாவித, இந்த மூன்றில் கடைசிப் பத்தியில் மீஸெர. நாலும் முதல் அசையில் அழுத்தம் விழுந்து பின்னால் இரண்டு மெல்லிய அசைகள் சரியும் சொற்கள். லத்தீன் வாடை அடிக்கும் புத்தகச் சொற்கள். வாழைமரம், பாறை, மணல், வெயில் என்று எளிய சொற்களில் போய்க்கொண்டிருந்த கவிதையில் இவை திடீரென்று கூட்டமாக வந்து உட்காருகின்றன.

குரலும் மாறிவிட்டது. அதுவரை 'நான்' என்று பேசியவள் இப்போது 'அவள்', அல்ஸ்கா என்ற பெயரும் போய்விட்டது, வெறும் 'எஸ்க்ராவ'. யாப்பு, சொல், பெயர், தன்மை இடம் நாலும் ஒரே அடியில் பறிபோகின்றன. இதைவிடச் சிக்கனமாக அடிமைத்தனத்தைக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியென்றால் பழைய பாட்டின் சுவடு கடைசியில் எதுவுமே இல்லையா?

இருக்கிறது. இரண்டு சொல் தப்பிப் பிழைக்கிறது.

ஒன்று 'ஓந்தெ'. கடைசி மூன்றில் இரண்டாவது பத்தியில், எங்கே பிறந்தாளோ, எங்கே அவ்வளவு மகிழ்ச்சியாக வாழ்ந்தாளோ, எங்கே சாக வேண்டியவளோ அந்த மண் என்று மூன்று முறை வருகிறது. பாட்டில் அடிமுதலில் நின்ற சொல் மூன்றாவது முறை அடியின் கடைசியில் தொங்குகிறது. எங்கே என்று கேட்டுவிட்டு அடி முடிந்துவிடும், 'மொர்ரேர் தெவேர' (சாக வேண்டியவள்) என்பது அடுத்த குட்டையடியில்தான் வரும். அந்த இடைவெளியில் மூச்சு விடாமல் படிக்க முடியாது. பிறந்தாள், வாழ்ந்தாள் இரண்டும் நடந்தவை. மூன்றாவது இனி நடக்கப்போவதில்லை.

இன்னொன்று 'காங்கோ'. கவிதையின் முதலடியில் கடைசிச் சொல்லாக இருந்தது, கடைசியடியில் முதல் சொல்லாக வருகிறது. நடுவில் இருந்த இனிய, நிலவு, கடல் எல்லாம் உதிர்ந்து ஊரின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது. பல்லவி ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டது, நாலசை அடியில் அவ்வளவுக்குத்தான் இடமிருக்கிறது. வினைமுற்றும் ஒரு முறை சொல்லி முடித்ததைக் குறிப்பதில்லை, சொல்லிக்கொண்டே இருந்ததைக் குறிப்பது. ஆக, அடி மாறினாலும் மடக்கு நிற்கவில்லை.

காங்கோவில் பாலைவனமும் ஒட்டகக் கூட்டமுமா?

இது கவிதையின் பெரிய குறை, மழுப்ப வேண்டியதில்லை. ஒட்டகம் என்று பெயர் சொல்லவில்லை என்றாலும் வெண்மணல் பாலை, வணிகக் கூட்டம், முஸ்லிம் தலைப்பாகை, இடுப்பில் வளைந்த வாள் எல்லாம் வருகின்றன. காங்கோ ஆற்றுப் படுகை அடர்ந்த மழைக்காடு. காங்கோ அரசனோ 1491இலேயே ஞானஸ்நானம் பெற்றவன், அந்த அரச குடும்பம் போர்ச்சுக்கல்லோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. தியாஸ் அக்காலத்து ஐரோப்பியக் கவிஞர்கள் வரைந்த கீழ்த்திசைப் படத்தை எடுத்து ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒட்டிவிட்டார்.

இத்தனைக்கும் உண்மை விவரத்துக்கு அவர் தூரம் போக வேண்டியதில்லை. மூன்று நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 48 லட்சம் ஆப்பிரிக்கர்கள் பிரேசிலில் இறக்கப்பட்டார்கள், வேறெந்த நாட்டையும்விட அதிகம். அவர்களில் மிகப் பெரும்பங்கு காங்கோ, அங்கோலா கரையிலிருந்து, லுவாண்டா, பெங்கேலா, கபிண்டா துறைமுகங்கள் வழியாக வந்தவர்கள். கவிதை அச்சான காலத்திலும் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. 1831இல் தடைச்சட்டம் போட்டும் நிற்கவில்லை, 1850இல் இன்னொரு சட்டம் வந்த பிறகுதான் கடல்வழி வியாபாரம் அடங்கியது, அடிமைமுறை ஒழிந்ததோ 1888 மே 13இல். காங்கோவில் பிறந்தவர்கள் தியாஸ் நடமாடிய தெருக்களிலேயே இருந்திருப்பார்கள். கேட்டிருக்கலாம்.

இந்தக் குறை பாலை வருணனைப் பத்திகளோடு நின்றுவிடுகிறது. வாழைமரத்தடிக்கு வந்ததும் படம் நிஜமாகிவிடும்.

ஓர் ஆண், அதுவும் சுதந்திரமானவன், அடிமைப்பெண் குரலில் எழுதலாமா?

எழுதலாமா என்பதைவிட என்ன விட்டுப்போகிறது என்று கேட்பது பயன் தரும். அவள் நினைவில் அம்மா இல்லை, தோழிகள் இல்லை, தான் பேசிய மொழி இல்லை, பிடிபட்ட நாள் இல்லை, கப்பல் இல்லை. ஒரு காதலன் மட்டுமே. அதிலும் அவனே அதிகம் பேசுகிறான், வாழ்க்கை ஓடைபோல் ஓடிவிடும் என்று தத்துவம் சொல்கிறான், அவள் தயங்குகிறாள். ஆண் எழுதிய காதல் பாட்டு அது. ஆனால் கடைசியில் கவிஞர் செய்வது நேர்மையானது என்று நினைக்கிறேன்: வதை நடக்கும் இடத்தில் அவள் குரலில் பேசுவதாக அவர் நடிக்கவில்லை. வெளியே வந்து நின்று, படித்தவனின் பத்தசையில், பார்த்தவனாகச் சொல்கிறார். அவள் சொன்னதாக ஒரே ஒரு சொல்லை மட்டும் வைக்கிறார்.

இவ்வளவு இனிமையான ஓசை அடிமைத்தனத்தையே அழகாக்கிவிடாதா?

இனிமையாக இருப்பது ஊர்தான். அடிமைத்தனம் வரும் மூன்று பத்திகளில் இனிமை இல்லை, மேலே சொன்னேன். ஏழசையிலேயே எசமானையும் எழுதியிருந்தால் இந்தக் குற்றச்சாட்டு சரியாகியிருக்கும்.

இதே மாதிரி வேறு கவிதைகள் உண்டா?

காஸ்த்ரோ ஆல்வெஸ் என்ற பிரேசில் கவிஞர் 1863இல், பதினாறு வயதில், 'ஆப்பிரிக்கனின் பாட்டு' என்று ஒன்று எழுதினார். அதுவும் ஏழசை. அடிமைகள் அடைபட்டிருக்கும் ஈரமான கொட்டடியில் நெருப்பருகே தரையில் ஒருவன் பாடுகிறான், பக்கத்தில் மடியில் குழந்தையோடு ஒரு பெண். அவன் பாட்டில் என் மண் தூரத்தில், சூரியன் வரும் திசையில் இருக்கிறது, இந்த மண் அதைவிட அழகுதான், ஆனால் எனக்கு அதைத்தான் பிடிக்கும் என்று வருகிறது. தியாஸின் நாடு பிரிந்த மாணவனோ தன் நாடுதான் எல்லாவற்றிலும் உசத்தி என்று அடுக்குவான். அதே அடியில் அதற்குப் பதில் சொல்வது போல இருக்கிறது, அடுத்தடுத்துப் படிக்க வேண்டியவை.

அமெரிக்காவில் ஜான் கிரீன்லீஃப் விட்டியர் 1838இல் விர்ஜினியாவின் ஓர் அடிமைத்தாய் விற்கப்பட்ட தன் மகள்களுக்கு விடைகொடுப்பதாக ஒரு கவிதை எழுதினார். 'போய்விட்டார்கள், போய்விட்டார்கள், விற்கப்பட்டுப் போய்விட்டார்கள், சதுப்புநில நெல்வயலுக்கு' என்ற பல்லவி அதில் விடாமல் திரும்பும். அங்கே மடக்கு ஒப்பாரியின் வேலையைச் செய்கிறது, அறைந்து அறைந்து சொல்கிறது. தியாஸிடம் அது அமைதியாகத் தங்கியிருக்கிறது.

போர்ச்சுகீஸ் தெரியாது. எப்படிப் படிப்பது?

மூலத்தை யாராவது வாசிக்கும் ஒலிப்பதிவைப் பொருள் தெரியாமலே ஒரு முறை கேளுங்கள். எசமான் எங்கே வருகிறான் என்று காதே சொல்லிவிடும்.

தமிழில் பெயர்க்க வேண்டுமென்றால் எந்த யாப்பு ஒத்துவரும்?

முதல் பகுதிக்கு முச்சீர் அடி, சிந்து மாதிரி துள்ளாமல் தழைந்து போக வேண்டும், இரண்டாவது நாலாவது அடியில் இயைபு. நம் காதுக்கு மோனையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்:

இனிய காங்கோ நாடே,
கடலுக் கப்பால் ஓரமே,
எழில்வெயில் காயும் பகலே,
இனிய நிலவின் நேரமே!

பல்லவி திரும்பும் இரண்டு முறையும் ஓர் எழுத்துகூட மாறாமல் வைக்க வேண்டும். அழகுக்காக வேறு சொல் போடத் தோன்றும், கூடாது. கடைசி மூன்று பத்திகளை அகவல் ஓசைக்கு மாற்றி நாற்சீர் அடியும் இருசீர் அடியுமாக வைத்தால் அந்த வெட்டு கிடைத்துவிடுகிறது:

துடித்த பேதை துயரின் நடுவிலும்
'காங்கோ' என்பாள்.

இங்கே 'என்றாள்' என்று போட்டால் சீர் கெடாது, ஆனால் ஒரு முறை சொல்லி நிறுத்தியதாகிவிடும். இருசீரை முச்சீராக நிரப்பிச் சமன் செய்யவும் வேண்டாம், அந்த அடி குறைந்துதான் ஒலிக்க வேண்டும்.